ஆட்டம் பார்க்கிற பெட்டி

அந்தப் பெட்டியை என் கடையில் வைக்கலாம் என்று சிபாரிசு செய்தவர் எங்கள் அந்தோனியார் கோவில் பங்குச் சுவாமி. "பயந்த மனுசன். தொட வேண்டாம் எண்டு ஒரு சாமானைக் குடுத்தால், அது இருக்கிற பக்கம் தும்மவும் மாட்டார்" என்று சொன்னாராம். பெட்டியைக் கொண்டுவந்த இஞ்சினியர்ப் பிள்ளையே இதை என்னிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். நானும் கூடச் சிரித்தேன். அவள் போன பிறகுதான், சுவாமி என்னைப் புகழ்ந்தாரா என்று யோசிக்கத் தொடங்கினேன்.

சுவாமி சொன்னது பொய்யில்லை. தீவில் எங்கள் ஊர் மீன்பிடி ஊர். எல்லாரும் கடலுக்குப் போகிற ஊரில் நான் ஒழுங்கை முனையில் சில்லறைக்கடை வைத்திருப்பதே கடலுக்குப் பயந்துதான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படித்திருந்தால் பயப்படுவதற்கு இன்னும் நாலு விசயம் தெரிந்திருக்கும் என்று மனைவி சொல்லுவாள். கடையைப் பூட்டினால் பூட்டு விழுந்ததா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். ஃபிறிட்ஜ் கதவைச் சாத்தினால் உள்ளே பல்ப் அணைந்ததா என்று யோசிப்பேன். அதைப் பார்க்கக் கதவைத் திறக்க வேண்டும். திறந்தால் பல்ப் எரியும். இதிலேயே ஒரு பின்னேரம் போனதும் உண்டு.

பெட்டி ஒரு பிஸ்கற் ரின் அளவு. முன்பக்கம் சின்னத் திரை; அதில் ஐம்பதுக்குக் கிட்டக் கிட்ட ஓடுகிற ஓர் எண். ஒரு வயர் சுவர்ப் பிளக்குக்குப் போனது. இன்னொரு வயரின் நுனியில் சோடா மூடி அளவில் ஒரு அன்ரெனா. அதை ஜன்னலுக்கு வெளியே ஒட்டினாள். அது செய்மதியிடம் நேரம் கேட்கிறதாம். இதே மாதிரிப் பெட்டிகள் மலைநாட்டிலும் கொழும்பிலும் தெற்கிலும் வைத்திருக்கிறார்களாம். எல்லாவற்றுக்கும் ஒரே மணிக்கூடு வேண்டுமாம்.

"பெரிய மின் நிலையத்துக்குள்ள வைக்கிறதெண்டால் எத்தினை கந்தோர் ஏறி இறங்க வேணும், அங்கிள். சுவரிலை வாறதும் அதே கரண்ட்தான். நாடி பாக்க ஒரு கை கிடைச்சால் காணும்."

"என்ன வருத்தமாம்?" என்றேன். நாடி என்றதும் எனக்கு அதுதான் கேட்க வரும்.

"வருத்தமில்லை, ஆட்டம். வள்ளங்களை வரிசையா ஒண்டோடை ஒண்டு கட்டி விட்டிருப்பியள் தானே? ஒராள் ஒண்டிலை குதிச்சு ஏறினால் என்ன நடக்கும்?"

"எல்லாம் ஆடும்."

"பிறகு?"

"அடங்கும்."

"அவ்வளவுதான். கரண்ட் எடுக்கிற மெசினெல்லாம் கம்பியாலை அப்பிடித்தான் கட்டுப்பட்டுக் கிடக்கு. மலைப்பக்கம் தண்ணியிலை சுத்திறது ஒரு கூட்டம். மேற்குக் கரையிலை நிலக்கரியிலை சுத்திறது ஒரு கூட்டம். எங்கையாவது ஒரு இடி விழுந்தால் மலைக் கூட்டம் இப்பிடிச் சரியும், மற்றது அப்பிடிச் சரியும். பிறகு மாறிச் சரியும். உங்கட கடற்கரையிலை கரண்ட் எடுக்கிற பெரிய காத்தாடியள் இருக்கே, அதுகளைக் கொண்டு ஆட்டத்துக்கு எதிர்ப்பக்கமா மெல்லமாத் தள்ளினால் கெதியா அடங்குமோ எண்டுதான் பாக்கிறம்."

கடைக்குள் தேங்காய் அடுக்கிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். அவளுடைய ஆட்கள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடம்பன் பக்கம் வந்து குடியேறியவர்கள். என்னோடு வாழ்ந்து அவளுக்கு எங்கள் பேச்சு நன்றாக வரும். ஆனால் கோபமோ சிரிப்போ வந்தால் நாக்கு மலை ஏறிவிடும்.

"மலை ஒரு பக்கம் இழுக்க, கடக்கரை ஒரு பக்கம் இழுக்க... அட, கல்யாணத்துலருந்து நாங்க அதத்தானம்மா செஞ்சுகிட்டிருக்கோம். எங்க வூட்டுலயே ஒரு பெட்டி வச்சிருக்கலாம்."

பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிக்க நேரமில்லை.

"பிழையான நேரத்திலை தள்ளினால்?" என்று கேட்டேன்.

"அப்ப கூடும். ஊஞ்சலைத் தள்ளிற மாதிரித்தான். அதின்ரை தாளத்துக்கே தள்ளிக்கொண்டிருந்தால், சின்னத் தள்ளும் பெரிய ஆட்டமாகும்."

"பெரிசானால்?"

"கம்பியள் ஒவ்வொண்டாக் கழண்டு நாடே இருட்டாகும்" என்று சொல்லிவிட்டு, மிச்சச் சோடாவைக் குடித்து, போத்தலைத் தந்தாள். "திருநாளுக்கு முதல் நாள், வேஸ்பர் அண்டு பின்னேரம், சனம் லைற் போடுற நேரம் பாத்து, நாங்களே சின்னதா ஒருக்கால் தட்டி ஆட்டிப் பாப்பம். அது வரைக்கும் பிளக்கைக் கழட்டாதேங்கோ. வேறை ஒண்டுமில்லை."

அவள் சொன்னதில் முக்கால்வாசி நல்ல செய்தி. நான் பிடித்துக்கொண்டது மிச்சக் கால்வாசியை.

அன்றிலிருந்து கடையோடு ஒட்டின எங்கள் வீட்டில் புதுச் சட்டம். பெட்டி வேலை செய்யும்போது கிரைண்டர் போடக் கூடாது. பெட்டி எந்நேரமும் வேலை செய்தது. கதிரையைப் பெட்டிக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கடையைக் கவனித்தேன். திரையில் எண் ஐம்பதுக்குக் கொஞ்சம் மேலே போகும், கொஞ்சம் கீழே வரும். சும்மாவே அப்படித்தான் என்று பிள்ளை சொல்லியிருந்தாள். ஆனால் சும்மா நடக்கிறது என்று ஒன்றை நம்ப எனக்குப் பழக்கமில்லை.

ஒரு நாள் மனைவி சட்டத்தை மீறி கிரைண்டரைத் தட்டினாள். எண் இறங்கியது.

"நிப்பாட்டும்! இறங்குது!"

நிறுத்தினாள். எண் ஏறியது. திரும்பப் போட்டாள். இறங்கியது. குசினியிலிருந்து குரல் வந்தது: "ஏங்க, இப்ப எப்பிடி? கொழும்பு இருக்கா, போயிருச்சா?" பிறகு கிரைண்டரைப் போடாமலே வாயால் கிரைண்டர் மாதிரி உறுமினாள். அதற்கும் எண் இறங்கியது. நான் பிள்ளைக்குப் போன் எடுத்தேன்.

"கிரைண்டர் ஒண்டும் செய்யாது, அங்கிள். கடல் தண்ணியிலை ஒராள் கால் கழுவின மாதிரி." ஒன்றும் செய்யாது என்று டொக்ரர்மாரும்தான் சொல்கிறார்கள். அதற்குப் பிறகும் சில தடவை எடுத்தேன். போகப் போக அவள் குரலில் "அங்கிள்" நீண்டுகொண்டு வந்தது.

ஆட்டத்தின் தாளத்தை நான் கண்டுபிடித்தது மன்றாட்டுமாலையால். நாட்டில் எங்கேயோ ஏதோ நடந்து, கடைசி இலக்கங்கள் ஏறி இறங்குவதைச் சில வேளை பார்ப்பேன். ஏறி, இறங்கி, திரும்பத் தொடங்கின இடத்துக்கு வர எவ்வளவு நேரம்? கோவிலில் நாங்கள் எல்லாரும் சேர்ந்து பதில் சொல்கிற "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்ற ஒரு வசனத்தின் நேரம். சரியாக அது. ஒரு ஆட்டத்துக்கு ஒரு வேண்டிக்கொள்ளும். பிள்ளையிடம் சொன்னபோது, "இரண்டு செக்கன். சரிதான், அங்கிள்!" என்று ஆச்சரியப்பட்டாள். எனக்குப் பெருமை வரவில்லை. சரியாக இருந்தால் பயமும் சரிதானே என்று தோன்றியது.

இதற்கிடையில் ஒழுங்கை வேறொரு முடிவுக்கு வந்திருந்தது. ஜன்னலில் அன்ரெனா ஒட்டின வீட்டை எங்கள் சனம் சும்மா விடாது. முதலில் வந்தவர் சம்மாட்டியார். மூன்று வள்ளமும் கரைவலையும் வைத்திருக்கிறவர். ஒழுங்கைக்குத் தலைவர் மாதிரி. ஒரு நெருப்புப் பெட்டி வாங்க வந்தவர் அதை வாங்காமலே நின்றார்.

"என்ன தம்பி இது?"

"கரண்டின்ரை ஆட்டத்தைப் பாக்கிற பெட்டி, அண்ணை."

"ஆட்டம் எங்கயிருந்து வெளிக்கிடுதெண்டு பிடிக்குமோ?"

பிள்ளை சொன்னதை நினைத்துப் பார்த்து உண்மையைச் சொன்னேன். "நாலைஞ்சு பெட்டியையும் ஒப்பிட்டுப் பாத்தால் பிடிச்சிடுவினமாம்."

சம்மாட்டியார் அன்ரெனாவைப் பார்த்தார். அன்ரெனாவுக்கு நேரே ஒழுங்கைத் தூண் நின்றது. தூணின் கம்பியில், மீற்றரில்லாமல் கரண்ட் இழுக்கிற, யாருடையவை என்று யாரும் கேட்காத சில கொழுக்கிகள் தொங்கின. அவர் நெருப்புப் பெட்டியை மறந்துவிட்டுப் போனார்.

விடிந்து பார்த்தால் கம்பி துப்புரவாக இருந்தது. காகங்கள் மட்டும் இருந்தன. அவையும் கொஞ்சம் தள்ளி இருந்ததுபோல எனக்குத் தெரிந்தது. பகல் முழுக்க நாடகம் ஓடுகிற ஒரு வீடு ஊமையானது. இன்னொரு வீட்டில் சிரட்டைக்கரி அயன் பெட்டியால் உடுப்பு அழுத்தினார்கள். கடைக்கு வந்தவர்கள் ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்று, பருப்புக்கூடக் கிசுகிசுத்த குரலில் கேட்டார்கள். அது கொழுக்கி பிடிக்கிற பெட்டி இல்லை என்று நான் சொல்லச் சொல்ல, "விளங்குது, விளங்குது, நீங்கள் சொல்லக் கூடாது தானே" என்று கண்ணைச் சிமிட்டினார்கள்.

இது சிரிப்போடு போயிருக்கும், திருநாள் வராவிட்டால்.

எங்கள் கோவிலில் ஒரு வழக்கம். வேஸ்பர் அன்று பின்னேரம் அந்தோனியார் சொரூபம் ஊர் சுற்றி வரும். ஒவ்வொரு ஒழுங்கையும் தன் வாசலில் வளைவு கட்டி மின்விளக்குச் சோடனை போடும். வளைவில் விளக்கு எரிந்தால் சொரூப வண்டி நிற்கும், ஒரு பாட்டுப் பாடுவார்கள், சுவாமி ஆசீர் கொடுப்பார். விளக்கு இல்லாவிட்டால் வண்டி நிற்காமல் போகும். அப்படிப் போன ஒழுங்கை ஒன்று எங்கள் ஊரில் உண்டு. மழையில் வயர் நனைந்து அணைந்ததாம். அது நடந்து எவ்வளவோ காலமாகியும், அங்கே பெண் எடுக்கப் போனால் "அந்தோனியார் நிக்காத ஒழுங்கை தானே?" என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்கள்.

எங்கள் வளைவுக்குக் கரண்ட் வழக்கமாகத் தூணிலிருந்து, கடவுள் தந்த மாதிரி, வரும். இந்த வருடம் கொழுக்கி போட ஒருவருக்கும் துணிவில்லை. வேஸ்பர் அன்று மத்தியானம் சம்மாட்டியார் பத்துப் பேரோடு கடைக்கு வந்தார்.

"உன்ரை வீட்டுப் பிளக்கிலை இருந்து தா, தம்பி. களவில்லை, கள்ளமில்லை. பெட்டியும் எங்களைப் பாத்துச் சந்தோசப்படட்டும்."

"தாறன், அண்ணை" என்று சந்தோசமாகத்தான் சொன்னேன். வயரை ஜன்னலால் கொண்டுவந்து, பெட்டிக்குப் பக்கத்துப் பிளக்கில் குத்தி, சுவிச்சைப் போட்டார்கள். வளைவு எரிந்தது. அணைந்தது. எரிந்தது. அணைந்தது.

என் வாய் தானாக முணுமுணுத்தது. எரிந்து அணைந்து திரும்ப எரிய... எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். இன்னொருதரம் பார்த்தேன். எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். மயிரிழை பிசகவில்லை. நாட்டின் ஆட்டத்துக்கு என்ன தாளமோ அதே தாளம். ஊஞ்சலை அதன் தாளத்துக்கே தள்ளுகிற வேலையை, நாடே இருட்டாகக்கூடிய வேலையை, என் வீட்டுப் பிளக்கிலிருந்து எங்கள் வளைவு செய்துகொண்டிருந்தது. அதுவும் அவர்கள் தட்டிப் பார்க்கிற அதே நாளில். பாய்ந்து சுவிச்சை அணைத்தேன்.

பிள்ளைக்குப் போன் எடுத்தேன். அணைத்து வைத்திருந்தாள், அன்று கட்டுப்பாட்டு அறைக்குள் போன் கொண்டுபோக முடியாது என்று முதலே சொல்லியிருந்தவள்.

விளங்கப்படுத்தினேன். வள்ளம், ஊஞ்சல், மலைக் கூட்டம், கரைக் கூட்டம் எல்லாம் சொன்னேன். ஒழுங்கை கேட்டுக்கொண்டு நின்றது.

"இந்த ஒழுங்கை பல்ப் மின்ன, கொழும்பு இருட்டாகுமோ?" என்றார் சம்மாட்டியார்.

"தாளம் ஒண்டாயிருந்தால்..."

"உனக்கு எங்களிலை என்னடா கோவம்?"

"மின்னாமல் எரிய விடுங்கோ, அண்ணை. நான் ஒண்டும் சொல்லன்."

பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள்: "மின்னாத லைற் செத்த வீட்டுக்குப் போடுறது!" எல்லாரும் ஓமென்றார்கள். அந்தோனியாருக்குச் செத்த வீட்டு லைற்றா? வாக்குவாதம் கோவில் மணி அடிக்கும் வரை போனது. சொரூபம் வெளிக்கிட்டுவிட்டது. வளைவு இருட்டில் நின்றது. எங்களைத் தவிர எல்லா ஒழுங்கையும் மின்னியது.

கடைசியில் வழி சொன்னவள் மனைவி. "ஏங்க, தாளம் ஒண்ணா இருக்கிறதுதான ஒங்களக் கொல்லுது? மாத்திப்புட்டா?"

வளைவை மின்ன வைக்க விளக்குக்காரர் தந்த சின்னப் பெட்டியில் ஒரு திருகு இருந்தது. சம்மாட்டியார் அதைத் திருக, நான் ஜன்னலில் நின்று மன்றாட்டுமாலை சொன்னேன்.

"இன்னும் கெதியா, அண்ணை. எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்... இன்னும் கொஞ்சம்."

"இது காணுமோ?"

"இரண்டு தரம் மின்னுது. கிட்டத்தான் நிக்குது. இன்னும் விடுங்கோ."

அவர் கடுப்பில் ஒரு முறுக்கு முறுக்கினார். ஒரு வேண்டிக்கொள்ளுமுக்குள் வளைவு நாலு தரம் மின்னியது. பார்க்கக் கண் கூசியது. எங்களுக்குள் யாரோ, டிஸ்கோ என்றார்கள். திருத்த நேரமில்லை, சொரூப வண்டி எங்கள் ஒழுங்கைப் பக்கம் திரும்பிவிட்டது.

நான் வெளியே போகவில்லை. ஒரு கண் பெட்டியில், ஒரு கண் வளைவில். வண்டி நெருங்கி வருகிறபோது எண் திடீரென்று கீழே விழுந்தது. அவ்வளவு விழுந்து நான் கண்டதில்லை. பிறகு ஏறியது. இறங்கியது. ஏறியது. எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். கடை பல்ப்பும் ஒருக்கால் மங்கினதுபோல இருந்தது. என் கை சுவிச்சுக்குப் போய்விட்டது.

திருநாள் சேலையோடு மெழுகுதிரி பிடித்துக்கொண்டு வாசலில் நின்ற மனைவி திரும்பினாள். கத்தவில்லை. மெல்லமாகத்தான் சொன்னாள்.

"இப்ப அணைச்சீங்கன்னா, நாம இந்த ஒழுங்கையில இருக்கவே முடியாது. தெரியுமில்ல?"

தெரியும். அணைக்காவிட்டால் நாடு. அணைத்தால் ஒழுங்கை. விரல் சுவிச்சில் இருந்தது, சுவிச் ஈரமாகிவிட்டது. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். முதல் இறக்கம் பெரியது. அடுத்தது அதைவிடச் சின்னது. அதற்கடுத்தது இன்னும் சின்னது. வளைவு மின்னிக்கொண்டே இருந்தது, ஆட்டம் சிறுத்துக்கொண்டே போனது. நாங்கள் ஆட்டுகிறோம் என்றால் அது கூட வேண்டுமே? இன்னொரு வேண்டிக்கொள்ளும் பார்த்தேன். இன்னும் சின்னது. விரலை எடுத்தேன். எடுக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

வண்டி நின்றது.

ஆனால் பாடகர் குழு வண்டியோடு வந்த ட்ரக்டர் பெட்டியில் வளைவைப் பார்த்தபடி இருந்தது. கீபோட் வாசிக்கிறவருக்கு முகத்துக்கு நேரே நாலு தர மின்னல். அது பாவியானவன் மனம் வருந்திப் பாடுகிற, இழுத்து இழுத்துப் போகிற பாட்டு. முதல் வரியை இழுத்தார்கள். இரண்டாம் வரியில் கீபோட் விளக்கோடு போய்விட்டது. மூன்றாம் வரியில் மேளம் அதைப் பிடித்தது. பிறகு நிறுத்த ஆளில்லை. பிள்ளைகள் கைதட்டினார்கள், பெரியவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே தட்டினார்கள், சம்மாட்டியாரின் தோள் குலுங்கியது. மனம் வருந்துகிற பாட்டு கல்யாணப் பாட்டு மாதிரி ஓடி, சுவாமி ஆசீருக்குக் கை தூக்க முந்தியே முடிந்துவிட்டது. சுவாமி தூக்கின கையோடு பாடகர் குழுவைப் பார்த்தார். அவர்கள் பயத்தில் இன்னொரு பாட்டைத் தொடங்கினார்கள். அதுவும் அதே ஓட்டம்.

மற்ற நாள் காலையில் பிள்ளை போன் எடுத்தாள். "அங்கிள், பதிவிலை ஒரு பொட்டும் விடுபடேல்லை! நாங்கள் தட்ட முந்தியே மலைப்பக்கம் ஒரு மெசின் தானா நிண்டிட்டுது. எவ்வளவு கெதியா அடங்கினது பாத்தனீங்களோ? உங்கட காத்தாடியள் வடிவாத் தள்ளியிருக்கு."

வளைவு விசயத்தைச் சொன்னேன். அங்கே நின்றவர்களை அவள் கூப்பிடுவது கேட்டது. பிறகு, "அங்கிள், இதை இஞ்ச எல்லாருக்கும் கேக்க ஒருக்காச் சொல்லுங்கோ" என்றாள். சொன்னேன். ஒரு அறை முழுக்கச் சிரிக்கிற சத்தம் கேட்டது. அடங்க நேரம் எடுத்தது.

மலைப்பக்கத்து மெசின் என்று மனைவியிடம் சொன்னேன். "விழுந்தது எங்க பக்கம், வேர்த்தது ஒங்களுக்கு" என்றாள்.

அன்று பின்னேரம் பக்கத்து ஒழுங்கைக்காரர் சுவாமியிடம் முறைப்பாட்டோடு போனார்கள். எல்லா ஒழுங்கைக்கும் ஒரு பாட்டு, இவைக்கு மட்டும் ஏன் இரண்டு? கடைக்கு முன்னாலேயே நின்று எங்களைப் பார்த்துக் கத்தினார்கள். சம்மாட்டியார் வெற்றிலை மென்றபடி, "அந்தோனியார் விரும்பி நிண்டவர். நாங்கள் என்ன செய்ய?" என்றார். தகராறு முற்றமுன் சுவாமி வந்து தீர்ப்புச் சொன்னார். வாற வருசம் எந்த ஒழுங்கையானாலும் ஒரே ஒரு பாட்டு.

எந்த வேகத்தில் என்று அவர் சொல்லவில்லை. சம்மாட்டியார் அதைக் கவனித்துவிட்டார். மெல்லுவது நின்றதை நான் கண்டேன். திருகை மற்றப் பக்கம் திருகினால் பாட்டு இழுபடும், வண்டி அதிக நேரம் நிற்கும், மின்னலும் திரும்ப நாட்டின் தாளத்துக்கு வரும்; அன்றிலிருந்து எனக்கு அது ஒரு யோசனை.